காஷ்மீருக்குப் போகும் வழியில் நாங்குநேரி

கல்லாதவர் செய்யும் தவற்றுக்கும் கற்றவர் செய்யும் தவற்றுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. கல்லாதவர் தவற்றைச் செய்த பிறகு விளக்கம் தேடுகிறார். கற்றவர் விளக்கத்தை முதலில் சொல்லி முடித்துவிட்டு, பிறகு நிதானமாகத் தவற்றைச் செய்கிறார். பாளையங்கோட்டையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் வேதியியல் கற்பித்த நான் இரண்டாம் வகையைச் சேர்ந்தவன். என் வாழ்நாளில் நான் அளித்த விளக்கங்களுள் மிகச் சிறந்தது, மூன்று ஆண்டுகளுக்கு முன் கொக்கிரகுளத்துப் படித்துறையில், கையில் ஒரு பிளாஸ்டிக் குடத்துடன் நின்றபடி நிகழ்த்திய பத்து நிமிட உரை. அதன் விளைவுகளை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

பயணத்தின் காரணத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். என் மனைவி கோமதி, தன் கண்களைத் தானம் செய்வதாகப் படிவம் நிரப்பிக் கொடுத்திருந்தாள். அதற்கு அத்தாட்சியாகக் கிடைத்த அட்டையை ஃப்ரிட்ஜின் கதவில் ஒட்டினாள். எட்டு ஆண்டுகள் அது அங்கேயே இருந்தது. இறந்து ஆறு மணி நேரத்துக்குள் கண் வங்கிக்குத் தெரிவித்து, கண்களை எடுத்துவிட வேண்டும். அவள் இறந்த அன்று, வந்தவர்களுக்கு நாற்காலி போதுமா என்பது வரை எனக்கு நினைவிருந்தது. மூன்றாம் நாள் பால் எடுக்கச் சென்றபோது அந்த அட்டையைப் பார்த்தேன்.

இதைப் பற்றி இதற்குமேல் எழுத எனக்குப் பயிற்சி இல்லை.

அட்டையைப் பற்றி நான் முதலில் வாய்திறந்து சொன்னது இரண்டே பேரிடம். இருவரும் ஆறாம் வகுப்பிலிருந்து என்னோடு படித்தவர்கள். ஒருவர் மேலப்பாளையம் காதர் மைதீன். கைலி வியாபாரத்தை மகன்களிடம் ஒப்படைத்துவிட்டு, அவர்கள் அதை நடத்தும் முறையைக் குறை கூறுவதை முழுநேரத் தொழிலாகக் கொண்டவர். மற்றவர் சுடலைமுத்து, நாகர்கோவில் வழித்தடத்தில் அரசுப் பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். (ஓய்வு பெற்றது உடல் மட்டுமே. இன்றும் நாங்கள் மூவரும் ஆட்டோவில் ஏறினால், "உள்ள தள்ளி உக்காருங்க" என்பார்.)

மாலை நடையின்போது சொன்னேன். ஆறுதல் சொல்லும் கலை எங்கள் மூவருக்குமே வராது. எனவே காதர் வேறொன்று சொன்னார்.

"ஏலே, எங்க வாப்பா காரு சும்மாதான நிக்கி. அத எடுத்துக்கிட்டு ஊர் ஊராப் போவோம். எல்லாவனையும் எழுதிக் குடுக்கச் சொல்லுவோம். நான் ஓட்டுதேன். நீ பேசு. படிவத்தக் கிழிச்சுக் குடுக்குத வேலைய சுடலைட்ட விடு. அவனுக்கு டிக்கெட்டு கிழிச்ச கை."

"எவ்ளோ தூரம்லே போவணும்?" என்றேன்.

"போவுததே போவுதோம், காஷ்மீருக்குப் போவோம்."

"அப்ப நீயும் கையெழுத்துப் போடுவியா?"

"அது எனக்கும் படைச்சவனுக்கும் உள்ள பேச்சு. நாங்க பேசிக்கிடுதோம். நீ கார்ல ஏறுத வழியப் பாரு."

அந்தக் கார் ஓர் அம்பாசடர். காதரின் தந்தையார் வாங்கியது. காதரின் அக்காமார் மூவரும் மணமாகிப் போனது அதில்தான். நிறம் வெள்ளை என்று பதிவுச் சான்றிதழ் கூறுகிறது. இடப்பக்கக் கதவை உள்ளிருந்துதான் திறக்க முடியும். ஆனால் அதன் இயந்திரம் பழுதற்றது என்பதை இங்கேயே பதிவு செய்கிறேன். பின்னர் நடந்த எதற்கும் கார் பொறுப்பன்று.

கண் வங்கியில் ஆயிரம் படிவங்கள் பெற்று, ஒரு தகரப் பெட்டியில் அடுக்கிக்கொண்டேன். அவை நிரம்பித் திரும்பினால், அந்த மூன்றாம் நாளுக்கு ஏதோ ஒரு மறுமொழி சொன்னதாகும் என்று எனக்குத் தோன்றியது. (இதற்கு அறிவியல் அடிப்படை ஏதுமில்லை. தெரியும்.)

வழியைத் தீர்மானித்தவர் சுடலைமுத்து. திருநெல்வேலியிலிருந்து காஷ்மீருக்குச் செல்வோர் வடக்கே செல்வார்கள் என்பது என் எளிய புவியியல் அறிவு. அதை அவர் ஏற்கவில்லை.

"ரூட்டுன்னா ஸ்டார்ட்டிங் வேணும்லே. நடுவுல ஏறுனா அவன் பேரு பாசஞ்சர். கன்னியாமரில இருந்து எடுத்தாத்தான் ரூட்டு."

ஆகவே வடக்கு நோக்கிய பயணத்தின் முதல் நாளில் தெற்கே போவது என்று முடிவாயிற்று. கன்னியாகுமரியில் என் பழைய மாணவர்கள் மேடை போட்டு, கடற்கரையில் முறையான தொடக்கவிழா நடத்துவதாகச் சொன்னார்கள். நான் இருபது பக்கங்களில் ஓர் உரை எழுதிக்கொண்டேன். அது கருவிழிப் படலத்தின் ஐந்து அடுக்குகளிலிருந்து தொடங்கியது.

புறப்படுவதற்கு முந்தைய நாள் மாலை காதர் காரைப் படித்துறையோரம் நிறுத்தி, ரேடியேட்டரைக் கழுவி வைத்திருந்தார்.

"பச்சக் கலர்ல ஒரு தண்ணி இருக்காம்லா. கேன்ல விக்கான். அதத்தான் ஊத்தணும்ங்கான் எங்க மெக்கானிக்கு."

"கேன் தண்ணி எதுக்குலே? ஆறு இங்கன ஓடுது!" என்றேன் நான்.

இந்த இடத்தில் எங்கள் ஊர்க்காரர்களின் குணம் ஒன்றைச் சொல்ல வேண்டும். திருநெல்வேலியில் எதைப் பாராட்டினாலும் பாராட்டு தாமிரபரணிக்குத்தான் போய்ச் சேரும். அல்வா நன்றாக இருந்தால் அது தண்ணீர். சோறு மலர்ந்து வெந்தால் அது தண்ணீர். எதிர்வீட்டுப் பெண் பரீட்சையில் முதல் வகுப்பில் தேறினாலும், படித்தது அவள் என்பதை ஒப்புக்கொண்டு, பிறகு தண்ணீரைச் சொல்வார்கள். சென்னையில் குடியேறிய உறவினர் ஒருவருக்கு முடி உதிர்ந்தபோது குடும்பமே கூடி அவ்வூர்த் தண்ணீரைக் கண்டித்தது. மற்றவர்கள் நம்பிக்கையாகச் சொல்வதை நான் சமன்பாடுகளோடு சொல்வேன், அவ்வளவே வேறுபாடு.

படித்துறையில் நின்று சொன்னேன். மேலப்பாளையத்து ஆழ்துளைக் கிணற்று நீர் கடினநீர். அதில் கரைந்துள்ள கால்சியம், மக்னீசிய உப்புகள் சூடேறும்போது வெள்ளைப் படிவாகப் படிந்து குழாய்களை அடைக்கும். மலைப்பாறைகளின் மேல் ஓடிவரும் தாமிரபரணியோ மென்னீர், படிவு தராது, ஆகவே கொதிகலன்களுக்கும் ரேடியேட்டர்களுக்கும் உகந்தது. அந்த உரையில் ஒரு சொல்கூடப் பிழையில்லை. யாரேனும் தேர்வில் அப்படி எழுதினால் இன்றும் முழு மதிப்பெண் தருவேன்.

"காஷ்மீர்ல பனி விழுந்தா ஒறைஞ்சிராதா?" என்றார் காதர்.

"அதப் பஞ்சாப்ல வச்சுப் பாத்துக்கிடலாம்."

ஆற்றின் புகழ் பாபநாசத்து மலையில் பிறந்தது. நான் முகந்தது கொக்கிரகுளத்தில். இடையில் ஆறு எத்தனை ஊர்களைச் சந்தித்து, அவரவரிடமிருந்து என்னென்ன பெற்றுக்கொண்டு வந்தது என்பது என் சமன்பாட்டில் இடம்பெறவில்லை. பொழுது வேறு மங்கியிருந்தது. குடத்தைத் தூக்கி ரேடியேட்டரின் அகன்ற வாயில் நானே ஊற்றினேன். புனல் வேண்டாமா என்று சுடலைமுத்து கேட்டார். கை நடுங்காதவனுக்குப் புனல் எதற்கு என்றேன். போதாக்குறைக்கு இரண்டு கேன்களில் ஆற்றுநீர் நிரப்பி டிக்கியில் ஏற்றினோம். (மதுரையைத் தாண்டினால் நல்ல தண்ணீர் கிடைக்காது என்பது மூவரின் ஒருமித்த கருத்து.)

முதலாண்டு மாணவர்கள் ஆய்வகத்துக்கு வந்ததும் அவர்களுக்கு நாங்கள் கற்றுத்தரும் முதல் செயல், வடிதாளை நான்காக மடித்துக் கூம்பாக்கி நீரை வடிகட்டுவது. முப்பத்து நான்கு ஆண்டுகள், ஒவ்வோர் ஆண்டும் அதைச் செய்து காட்டியிருக்கிறேன். எங்கள் வீட்டுச் சமையலறைக் குழாயில் ஒரு வெள்ளைத் துணி கட்டப்பட்டிருக்கிறது. அது கோமதி கட்டியது. அவள் வேதியியல் படித்தவள் அல்லள்.

மறுநாள் காலை ஏழரை மணிக்கு வழியனுப்பு விழா. தெருமுனையில் பந்தல், ஒலிபெருக்கி, நாதசுரம். காரின் இரு பக்கங்களிலும் பதாகை: "குமரி முதல் காஷ்மீர் வரை: கண்தான விழிப்புணர்வுப் பயணம்". அதன் கீழே எங்கள் மூவரின் படங்கள். என்னுடையது பணியில் சேர்ந்த புதிதில் எடுத்தது. எனவே பதாகையைப் பார்த்தவர்கள் காரில் நால்வர் வருவதாக எண்ணினார்கள். ஒலிபெருக்கியில் பேசிய அன்பர் என்னை "நம்ம வாத்தியார்" என்றார். நான் அவர் கையிலிருந்து ஒலிவாங்கியை வாங்கி, "முனைவர், ஓய்வுபெற்ற பேராசிரியர்" என்று திருத்திவிட்டுத் திரும்பக் கொடுத்தேன். (இது எனக்கு நெடுநாள் வழக்கம். தபால்காரரைக்கூடத் திருத்தியிருக்கிறேன்.)

நான்கு சக்கரங்களின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். சுடலைமுத்து ஓய்வுக்காலத்திலும் பத்திரப்படுத்தியிருந்த விசிலை எடுத்து ஊதி, "ரைட், போலாம்" என்றார். பழங்கள் நசுங்கின. கார் புறப்பட்டது. ஒரு மூதாட்டி காரின் பின்னால் சிறிது தூரம் வந்து, குளிருக்கு மப்ளர் கட்டிக்கொள்ளும்படி சொன்னார்.

நாங்குநேரியை நெருங்கும்வரை எல்லாம் நன்றாகவே இருந்தது. திருநெல்வேலியிலிருந்து நாங்குநேரி முப்பது கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். சாலையின் இருபுறமும் காற்றாலைகள் சுழன்றன. நான் உரையின் ஏழாம் பக்கத்தை மனத்துக்குள் ஓட்டிக்கொண்டிருந்தேன். அப்போது சுடலைமுத்து மூக்கை உறிஞ்சினார்.

"எங்கனயோ மீன் கொழம்பு வைக்காவ."

"பெருமாள் கோயில் ஊர்ல காலைலயே எவம்லே மீன் கொழம்பு வைக்கான்?" என்றார் காதர்.

"வைக்காவ. மணக்குல்லா. ஆனா புளி பத்தல."

அந்த மணத்துக்கும் எங்களுக்கும் உள்ள தொடர்பு மூவருக்கும் புலப்படவில்லை. கார் நகர நகர மணமும் எங்களோடு நகர்ந்து வந்தது என்பதையேனும் நான் கவனித்திருக்க வேண்டும். ஆய்வு மனப்பான்மை என்பது அதுதான். நான் சன்னலை ஏற்றினேன். மணம் கூடியது. மறு நிமிடம் முன்மூடியின் விளிம்புகளிலிருந்து வெண்மையான ஆவி கிளம்பி, எதிரே இருந்த சாலை மறைந்தது. "டமார்" என்றொரு ஓசை. காதர் பைய ஓரங்கட்டினார். கார் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது.

நின்ற இடம் ஒரு டீக்கடை வாசல். அதை ஒட்டியே ஒரு மெக்கானிக் கொட்டகை. எங்கள் கெட்ட காலத்திலும் ஓர் ஒழுங்கு இருந்தது.

மெக்கானிக்கின் பெயர் இசக்கி. ஐம்பது வயது, அளவான பேச்சு. சூடு தணியும்வரை காத்திருந்து, சாக்குத் துணி சுற்றி மூடியைத் திறந்தார். ஒரு கம்பியை உள்ளே விட்டுக் கிண்டினார். முதலில் பச்சைப் பாசி, கயிறு கயிறாக. பிறகு மணல். மூன்றாவதாகக் கம்பி நுனியில் வந்ததை அவர் உள்ளங்கையில் ஏந்தி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, என்னிடம் நீட்டினார். தலை, வால், கண் எல்லாம் குறையாமல், நன்றாக வெந்திருந்தது.

"இது என்ன சார்?"

கூட்டம் சேர்ந்திருந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பதாகையில் என் பெயருக்கு முன்னால்தான் 'முனைவர்' என்று போட்டிருந்தது.

"ஏதோ... கரிமப் பொருள்" என்றேன்.

"கெண்டக் குஞ்சுலே அது!" என்றார் சுடலைமுத்து. "அப்பமே சொன்னேன்லா, புளி பத்தலன்னு."

டீக்கடைக்காரர் கண்ணாடித் தம்ளரும் கையுமாக வந்தார். அறுபத்தைந்து வயதிருக்கும், ஆறுமுகம் என்று பெயர், ஊர் முழுதும் அவரை அண்ணாச்சி என்றே அழைத்தது. மீனைப் பார்த்தார். பிறகு பதாகையை மேலிருந்து கீழாக, எங்கள் மூவரின் படங்கள் உட்பட, பொறுமையாகப் படித்தார்.

"ஏன் வே, ஊர் ஊராப் போயி அடுத்தவன் கண்ணக் கேக்குத ஆளு, உம்ம கண்ணு ரெண்டும் நல்லாத்தான இருக்கு? ஊத்துன தண்ணியில கிடந்த மீன் தெரியலியா?"

கூட்டம் சிரித்த சிரிப்பு கோயில் கோபுரம் வரை கேட்டிருக்கும். காதர் சிரித்தார். சுடலைமுத்து காரின் மேல் சாய்ந்துகொண்டு சிரித்தார். அளவான பேச்சுக்காரரான இசக்கிகூட முகத்தைத் திருப்பிக்கொண்டார், தோள்கள் குலுங்கின. அந்த நேரம் பார்த்து என் கைப்பேசி அடித்தது. கன்னியாகுமரியிலிருந்து என் மாணவர்.

"சார், மாலையோட நிக்கோம். எங்க வந்துட்டிய?"

"வழியிலதான்" என்றேன். அது இலக்கணப்படி உண்மை.

"பின்னால என்ன சார், ஒரே சிரிப்புச் சத்தம்?"

"மக்கள் ஆதரவு" என்றேன்.

இசக்கி மேலும் அரை மணி நேரம் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். பாசி குழாய்களை அடைத்துவிட்டது. இயந்திரம் சூடேறி, அதன் மேல்மூடியான ஹெட் வளைந்துவிட்டது. உதிரிப்பாகம் மதுரையிலிருந்து வர வேண்டும். வந்தாலும் இந்த வண்டியைக் காஷ்மீருக்குக் கொண்டுபோவதற்கு அவர் ஒப்ப மாட்டார். "பாளையங்கோட்டைக்கு வேணும்னா லாரில ஏத்திவிடுதேன் சார்."

குமரி முதல் காஷ்மீர் வரையிலான எங்கள் பயணம், குமரிக்கு ஐம்பது கிலோமீட்டர் முன்னதாகவே முடிவுற்றது. தொடங்கும் இடத்தை அடையாமலே முடிந்த பயணம் வரலாற்றில் வேறுண்டா என்று தெரியவில்லை.

டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்தேன். லாரியில் ஏற்றுவதற்காக டிக்கியைக் காலி செய்து, தகரப் பெட்டியை என் காலடியில் வைத்தார்கள். ஆயிரம் படிவங்கள். ஒன்றுகூட எழுதப்படவில்லை. அதை அப்படியே கண் வங்கியில் திருப்பிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் போய் ஃப்ரிட்ஜைத் திறக்க வேண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். வேறொன்றும் நினைக்கவில்லை.

அண்ணாச்சி ஒரு டீயை நீட்டினார். "கோவிச்சுக்கிடாதேயும். வாய் நமக்குக் கொஞ்சம் நீளம். ஆமா, கண்ண எடுத்தா மொகம் குழியாயிரும்லா? பொறவு பிள்ளைங்க எப்படி மொகத்தப் பாக்கும்?"

இதற்காகத்தானே இருபது பக்கங்கள்? எழுந்து நின்று தொடங்கினேன். கருவிழிப் படலத்தின் முதல் அடுக்கு முடிவதற்குள் இருவர் நழுவினர். இரண்டாம் அடுக்கில் ஒருவர் மணி கேட்டார். மூன்றாம் அடுக்கில் கூட்டத்தின் பாதி மீனை மறுபடி பார்க்கப் போய்விட்டது. இரண்டு அங்குலக் கெண்டைக்கு இருந்த கூட்டம் எனக்கு இல்லை.

"ஏலே, நிப்பாட்டு" என்றார் சுடலைமுத்து. குரல் உயரவில்லை. "அந்த அட்டையச் சொல்லு."

நான் அவரைப் பார்த்தேன். காதரும் தலையை அசைத்தார்.

நான்கு வாக்கியங்களில் சொன்னேன். கோமதியின் பெயர், ஃப்ரிட்ஜில் இருந்த அட்டை, ஆறு மணி நேரம், மூன்றாம் நாள். நான்கும் பேச்சுத் தமிழிலேயே வந்தன. சொல்லிவிட்டு உட்கார்ந்து, டீயைக் குடித்தேன். ஆறியிருந்தது.

மீனைப் பார்க்கப் போனவர்கள் திரும்பி வந்திருந்தார்கள். அண்ணாச்சி தோளில் கிடந்த துண்டை எடுத்து, சுத்தமாக இருந்த மேசையைத் துடைத்தார்.

"அன்னைக்கு எவனுக்கு வே கவனம் இருக்கும்?" என்றார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "சரி, ஆறு மணி நேரத்துக்குள்ள யாருக்குச் சொல்லணும்?"

"அட்டை குடுப்பாவ. அதுல நம்பர் இருக்கும்."

"அட்டையத்தான் நீரே மறந்துட்டீரே!" என்றார். வேறு யாரேனும் சொல்லியிருந்தால் புண்பட்டிருப்பேன். அவர் கணக்குப் போடுபவரைப் போல நெற்றியைச் சுருக்கிக்கொண்டுதான் சொன்னார். "அட்டைய எவனும் மறப்பான். கார்ல மீன அவிச்ச ஆள ஒருத்தனும் மறக்க மாட்டான். உம்ம நம்பரச் சொல்லும்."

அடுப்புக் கரித்துண்டை எடுத்து, பால் பாத்திரம் வைக்கும் இடத்துக்கு நேர் மேலே, சுண்ணாம்புச் சுவரில் என் எண்ணைக் கைமுழ அளவில் எழுதினார். கீழே, "மீன் கார் சார்" என்று எழுதினார். என் வழக்கம் என்னை விடவில்லை.

"அண்ணாச்சி, முனைவர்னு..."

"முனைவர்னா இங்கன எவனுக்குத் தெரியும்? சும்மா இரும்."

முதல் படிவம் அவருடையது. முகம் குழியாகாது, மேலே உள்ள மெல்லிய படலத்தைத்தான் எடுப்பார்கள், பார்த்தால் தெரியாது என்று இரண்டே வரியில் சொன்னேன். அதற்கு ஐந்து அடுக்குகள் தேவைப்படவில்லை. இரண்டாவது இசக்கி. பிறகு அன்னாசிப்பழ வண்டிக்காரர், பேருந்துக்கு நின்ற ஒரு தம்பதி, மீன் செய்தி கேட்டு ஊருக்குள்ளிருந்து வந்தவர்கள். சுடலைமுத்து விசில் ஊதி வரிசைப்படுத்தினார், பழக்க தோஷத்தில் ஒவ்வொருவரிடமும் "சில்லறையா இருக்கா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். எழுதத் தெரியாதவர்களுக்குக் காதர் பானெட்டின் மேல் வைத்து எழுதிக் கொடுத்தார். அவரும் படைத்தவனும் பேசி முடித்தார்களா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. மதியத்துக்குள் முப்பத்தெட்டுப் படிவங்கள்.

மாலை நான்கு மணிக்குப் பாளையங்கோட்டை திரும்பினோம். லாரியின் மேல் கார்; லாரி முகப்பில் இடமில்லாததால், காருக்குள் நாங்கள். பதாகை காற்றில் படபடத்தது. வாடகை முழுநாளுக்கு என்பதால் பந்தலை இன்னும் பிரிக்கவில்லை. ஒயர் சுற்றிக்கொண்டிருந்த ஒலிபெருக்கிக்காரர் அண்ணாந்து பார்த்தார்.

"என்ன சார், காஷ்மீர் போயிட்டு அதுக்குள்ள வந்தாச்சா?"

மப்ளர் கட்டச் சொன்ன மூதாட்டி, "நல்ல குளிரோ?" என்றார். அவர் கேலியாகக் கேட்கவில்லை என்பதுதான் துயரம்.

அன்று முதல் எங்கள் குடும்ப அகராதியில் நாங்குநேரி ஓர் ஊரின் பெயராக மட்டும் இல்லை. மருமகன் அதிகாலை ஓட்டப்பயிற்சி தொடங்குவதாக அறிவித்தால், சென்னையிலிருந்து என் மகள் தொலைபேசியில், "அப்பா, இவங்களும் நாங்குநேரி வரைக்கும் கிளம்பிட்டாங்க" என்கிறாள். பேரன் இந்தி வகுப்பில் சேர்ந்தான். இரண்டாம் நாள் நாங்குநேரி வந்துவிட்டது. விருந்தில் மீன் குழம்பு பரிமாறும்போது ஒருவரேனும், "ரேடியேட்டர்ல வச்சதா, சட்டியில வச்சதா?" என்று கேட்காமல் இருப்பதில்லை. நானும் சிரிக்கிறேன். முதல் ஆண்டு சிரிக்கவில்லை.

சென்ற ஆண்டு, ஒரு நாள் காலை பத்து மணிக்கு, அறியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. ஒரு பெண்ணின் குரல்.

"மீன் கார் சாருங்களா?"

திருத்துவதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் அவளே பேசினாள்.

"நாங்குநேரிலேருந்து பேசுதேன். டீக்கட ஆறுமுகம் மக. அப்பா எட்டு மணிக்குத் தவறிட்டாவ. எங்களுக்கு ஒண்ணும் ஓடல. கடைல அடுப்புல கிடந்த பால எறக்கி வைக்கப் போனேன். செவுத்துல உங்க நம்பர் இருந்துச்சு."

நான் நின்றுகொண்டே பேசினேன். மின்விசிறியை நிறுத்து அம்மா. கண்ணிமைகளை மூடி ஈரப் பஞ்சு வை. தலைக்கு ஒரு தலையணை கொடு. பிறகு கண் வங்கிக்குச் சொன்னேன். பிறகு காதருக்கு. அம்பாசடர் இப்போது ஓடுகிறது. கேனில் விற்கும் பச்சை நிறத் தண்ணீரில் ஓடுகிறது. நாங்கள் மூவரும் போய்ச் சேர்வதற்குள் கண் வங்கிக்காரர்கள் வேலையை முடித்துக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். ஆறு மணி நேரத்தில் இரண்டு மணி நேரம் மீதமிருந்தது.

அண்ணாச்சியின் முகம் குழியாகவில்லை. "தூங்குத மாதிரிதான இருக்காவ, சார்?" என்றாள் மகள். ஆமாம் என்றேன்.

புறப்படும்போது கடையை ஒருமுறை எட்டிப் பார்த்தேன். சுவருக்குப் புதிதாக வெள்ளையடித்திருந்தார்கள். என் எண்ணை மட்டும் அழிக்காமல், அதற்கு மேல் நீலப் பெயின்டில் அண்ணாச்சி மறுபடி எழுதியிருந்தார். பக்கத்தில் ஒரு மீன் வரைந்திருந்தார். உடம்பைக் காட்டிலும் கண் பெரியதாக.

காரில் ஏறியதும் சுடலைமுத்து விசிலை எடுத்தார். ஊதாமல் பைக்குள் போட்டுக்கொண்டார். வள்ளியூர், களக்காடு என்று வேறு சில ஊர்ச் சுவர்களிலும் இப்போது அந்த எண் இருப்பதாகக் கேள்வி. எழுதியவர்களை எனக்குத் தெரியாது. எப்போதாவது அழைப்பு வரும். தயங்கித் தயங்கி, இப்படிக் கேட்பது சரியோ தவறோ என்ற கூச்சத்துடன், "மீன் கார் சாரா?" என்பார்கள்.

"ஆமா, மீன் கார்தான்" என்கிறேன். "எத்தன மணிக்கு?"